வாலில் ஒரு எண்

போலுங்கர்விக்கில் மீன் ஏலம் மதியம் ஒரு மணிக்கு.
பனி சாலையை அடைத்த நாளிலும்
விலை மட்டும் எப்படியோ
மலையைத் தாண்டிவிடும்.

ஸ்டெய்ன்வோர் எழுதிய சேவை.
பதினெட்டு வருடத்தில்
மூன்று சர்வர்களை அடக்கம் செய்திருக்கிறாள்,
இரண்டு நிரல்மொழிகளையும்.
கூர் அடைப்புகள் போய் நெளி அடைப்புகள் வந்தன.
இவையும் போகும் என்பாள்
கையுறையைப் பல்லால் கழற்றியபடி.

வாசலில் மட்டும் அவள் கை வைத்ததில்லை.
எந்த மீன், எத்தனை கிலோ, எந்தப் படகு, எப்போது.
உள்ளே எங்கள் அட்டவணைக்கு என்ன பெயர்,
எந்த அலமாரியில் எந்த வரிசை,
நடுக்கடலில் நிற்பவனுக்கு எதற்கு அதெல்லாம்?

க்தினியாவிலிருந்து வந்த புதிதில்
நான் சண்டை போட்டேன்.
ஹாவ்ரூன் என்ற ஒரே ஒரு படகு
இன்னும் பழைய வடிவில் அனுப்புகிறது.
அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பி,
அதற்கு நூறு சோதனைகள்.
போதாததற்கு
ஒவ்வொரு செய்தியின் வாலிலும்
‘ஹெச்’ என்று ஓரெழுத்து, பக்கத்தில் ஒரு எண்.
நான்கு புள்ளி ஒன்று.
மூன்று புள்ளி எட்டு.
யாரும் கேட்காதது.

குப்பை, வெட்டிவிடலாம் என்றேன்.
“வெட்ட ஒரு வரி எழுத வேண்டும்.
விட்டுவைக்க எதுவும் எழுத வேண்டாம்” என்று
காபி எடுக்கப் போனாள்.
அவ்வளவுதான் எங்கள் கொள்கை விவாதம்.

போன மார்ச்சில்
அக்குரேய்ரியிலிருந்து ஒருத்தி வந்தாள்,
ஈரக் காலணியோடு.
ஃபியோர்டின் வாயில் கடல்நீர் எவ்வளவு சூடு,
வருடாவருடம்?
யாராவது குறித்து வைத்தார்களா?
துறைமுகத்தில் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.
தோர்கில்ஸ் மட்டும்
வலையிலிருந்து தலை தூக்கினான்:
“நான்தான் தினமும் அனுப்புகிறேனே.
நீங்கள் படிப்பதில்லையா?”

ஹெச் என்றால் ஹிதி. வெப்பம்.
ஹாவ்ரூனின் அடிவயிற்றில்
அவனே திருகி வைத்த வெப்பமானி.
அலையின் உயரம் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தாளாம் ஸ்டெய்ன்வோர்.

ஆறாயிரத்துச் சொச்சம் எண்கள்.
ஒன்றும் கெடவில்லை.
வந்தவள் திரையின் முன் உட்கார்ந்து
கோட்டைக் கழற்றவே மறந்துபோனாள்.

நேற்று வேறொரு படகு
‘கே’ என்று ஏதோ அனுப்பியது.
இருநூற்றுப் பன்னிரண்டு.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு, அதைத் தொடாமல்,
அடுத்த செய்திக்குப் போனேன்.