ஏழாம் நம்பர் துளை

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில்
ஒரு ஜெராக்ஸ் கடையில்
அறுபத்துநாலு தாளும் எடுத்தோம்.
இருநூற்றுப் பத்து ரூபாய்.
இரும்புக்குக் கொடுத்தது வேறு கணக்கு.

மண்ணை அமுக்கிக் கல்லாக்கும் இயந்திரம்.
வரைந்தவர் யாரென்று தெரியாது.
குளிர்நாட்டுக்காரராக இருக்க வேண்டும்:
ஒவ்வொரு கைப்பிடியிலும்
தடித்த கையுறைக்கு இடம் விட்டிருந்தார்.

கடைசித் தாளின் ஓரத்தில் பொடி எழுத்து:
யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம்,
மாற்றினால் மாற்றியதைச் சொல்ல வேண்டும்.
பிபின் தமிழில் சொல்லச் சொல்ல
மூன்று தடவை கேட்டார் ரசலையன்.
“வேற ஒண்ணும் எழுதலியா?
பொறவு வந்து கேக்க மாட்டானா?”
அஞ்சு சென்ட் புரையிடத்துக்காக
பதினொரு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தவர்.

ஐப்பசி மழையில்
அருமனையில் எங்கள் ஏலாக்கரையில் மட்டும்
ஒன்பது சுவர் விழுந்திருந்தது.
தோவாளைச் சூளைக்காரர் ஒரு விலை சொன்னார்.
லாரிக்காரர் அதன்மேல் ஒரு விலை சொன்னார்,
பாலம் சரியாகட்டும் என்றும் சொன்னார்.
மண்ணோ
வீடுகளின் பின்னால் சரிந்து
விழுந்த சுவர்மேலேயே
செக்கச்செவேலென்று படுத்திருந்தது.

லிசிபாய்க்கு வெல்டிங் தெரியும்.
குலசேகரத்தில் ரப்பர் ரோலர் செய்யும் பட்டறையில்
ஆறு வருஷம் தீப்பொறி தின்றவள்.
டிராக்டர் வேண்டும் என்றது ஒன்பதாம் தாள்.
எங்கள் ஏற்றத்தில் டிராக்டர் ஏறாது,
பவர் டில்லரைக் கட்டினாள்.
அவர்கள் சொன்ன பேரிங் நம்பரை
இங்கே ஒரு கடைக்காரரும் கேள்விப்பட்டதில்லை.
ஓடாத ஜீப்பில் கழற்றியது
கொஞ்சம் முரண்டிவிட்டுச் சேர்ந்துகொண்டது.

சனிக்கிழமை முதல் நூறு கல்.
கொள்ளாமே, என்றார்கள் எல்லோரும்.
ஞாயிறு ராத்திரி மழை.
திங்கள் காலை நூறு கல்லும்
பாயசம்.

நாற்பத்தொன்றாம் தாளின் கலவை
அவர்கள் மண்ணுக்கு எழுதியது.
நம் மண்ணுக்கு யாரும் படம் போட்டு வைக்கவில்லை,
அதனிடமே கேட்க வேண்டியிருந்தது.
ஹார்லிக்ஸ் பாட்டில்களில்
வீட்டுக்கு வீடு மண்ணும் தண்ணீரும் அடைத்து
குலுக்கி
சபை மதிலில் வரிசையாக வைத்தான் பிபின்.
மணல் உடனே இறங்கியது,
வண்டல் மத்தியானம்.
களி மட்டும் மறுநாள் வரைக்கும்
இறங்க மனமில்லாமல் மேலேயே நின்றது.
அந்தத் திமிருக்கு
மூன்று சட்டி குவாரிப்பொடி.

பதினேழாம் நாள்
ஏழாம் நம்பர் துளையில் போல்ட் முறிந்து
ரசலையன் காதை உரசிப்
பலாமரத்தில் போய்ச் சொருகியது.
யாருக்கும் பேச்சில்லை.
டில்லர் மட்டும் தன்பாட்டுக்கு ஓடியது.
லிசிபாய் போய் அதை அணைத்தாள்.
தாளை விரித்து
கையைக்கூடத் துடைக்காமல்
பதினாறை வெட்டி இருபது என்று எழுதினாள்.
தகட்டையும் தடிப்பாக்கினாள்.

வெள்ளைக் காரில் ஒருவர் வந்தார்,
நாகர்கோவிலில் கம்பெனி வைத்திருப்பவர்.
இரண்டு சுற்று நடந்து பார்த்தார்.
“இந்த மாத்தம் உங்க கண்டுபிடிப்பு.
பேட்டன்ட் எடுப்போம்.
அதுவரை வெளியே மூச்சு விடாதீங்க.”
அன்று சாயங்காலமே மூச்சு விட்டோம்.
பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம்.
எங்கோ ஒரு பதினாறு
இன்னொருவர் காதுக்குக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்,
அதை நினைத்தால் உறக்கம் வரவில்லை.
தாளை அப்படியே ஸ்கேன் செய்து
பிபின் அனுப்பினான்.

ஆறு வீடு எழும்பிவிட்டது.
ஏழாவது வீட்டுக்காரர்
காங்கிரீட்தான் வேண்டும் என்கிறார்,
மண்ணைக் கண்டால் பயம் என்கிறார்.
பயப்படக் காரணம் உள்ளவர்தான்.

மாசியில் ஒரு பதில் வந்தது
பெயர் வாயில் நுழையாத ஒரு மலையூரிலிருந்து.
இருபது தாங்குகிறது, நன்றி.
ஒரு சந்தேகம்:
துளைக்குப் பக்கத்தில் முட்டை வடிவில்
கோடு கோடாக ஒரு பாகம் வரைந்திருக்கிறீர்கள்.
பட்டியலில் அதற்கு நம்பர் இல்லை,
எங்கே வாங்குவது?

எல்லோரும் லிசிபாயின் கட்டைவிரலைப் பார்த்தோம்.
அவள் சேலையில் துடைத்துப் பார்த்தாள்,
கிரீஸ் போகவில்லை.

பிபின் பதில் அடித்தான்:
அது கடையில் கிடைக்காது.
உங்களிடம் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.