சொந்த ஊர்

விக்கிரமசிங்கபுரத்தில் முதல் கேபிள் ஒயர்
எங்கள் முதலாளி மருதவீரன் இழுத்தது.
மாதம் நாற்பது ரூபாய்; பாதித் தெரு கடன்.
அட்டனில் கொழுந்து பறித்த தாயோடு
கப்பலேறி வந்தவர்.
ஊருக்கு அது இன்றும் சிலோன்காரன் டிவி.

அணை நீர்மட்டம், மில் சங்கு நேரம்,
காணாமல்போன எருமை, காலமானார்:
திரையின் அடியில் ஓட்டுவது நான்.

அறுபதில் தன் கதையைப் புத்தகமாக்கினார்.
பின்னட்டைக்குச் சொந்த ஊர் கேட்டிருந்தார்கள்.
அட்டன் என்றார். அடித்தேன்.
அழி என்றார்.
வி.கே.புரம் என்றார். அதையும்.
"மண்டபம் முகாம்னு போடு" என்று சிரிக்கும்போதே
போன்: மேட்டுத் தெருவில் படம் வரவில்லை.
ஏணியைத் தூக்கிக்கொண்டு அவரே போனார்.

'மேட்டுத் தெருவில் சற்று நேரம் ஒளிபரப்பு இருக்காது'
ஓட்டிவிட்டேன்.
படமே வராத தெருவில்
யார் படிக்க?