பதினாறு பொட்டலம்

சலாகுதீன் கடையில் ஒருமுறை அரைத்ததை
இன்னொருமுறை அரைக்கச் சொன்னேன்.
"பல்லு இல்லாதவங்களுக்கா அண்ணே?"
பல் இருக்கிறது மூன்று பிள்ளைகளுக்கும்.
பொறுமைதான் கிடையாது.

இரண்டு கிலோ. கொழுப்பு கொஞ்சம் இருக்கட்டும்.
பனச்சமூடு சந்தையில்
ஒரு கால் தமிழ்நாட்டிலும் ஒரு கால் கேரளத்திலுமாக
நடந்து வந்தேன்.
எந்த அரசுக்கும் தெரியாது
என் பையில் தொங்குவது
பதினாறு பள்ளிக்கூடக் காலைகள் என்று.

மூன்றரைக்கு ரப்பர் வெட்டப் போகிறவன் நான்.
பிள்ளைகளின் பேருந்து ஏழு நாற்பதுக்கு.
அந்நேரம் நான் சிரட்டை சிரட்டையாய்
பால் எடுத்துக்கொண்டிருப்பேன்.
ஷெர்லியோ மஸ்கட்டில்
யாருடைய கைக்கோ ஊசி தேடிக்கொண்டிருப்பாள்.

தேங்காயெண்ணெய், சோம்பு, வெங்காயம்.
அபிஷாவுக்கு மிளகு ஆகாது.
ஜெனோவுக்கு மிளகில்லாமல் ஆகாது.
சின்னவன் கேரட்டைப் பார்த்தால் வாயைத் தைத்துக்கொள்வான்;
துருவிப் பிழிந்து
இறைச்சி நிறம் மாறும் முன்பே
கும்பலில் கலந்துவிட்டேன்.

தண்ணீர் விட்டது. வற்றட்டும்.
அவசரப்பட்டால் ரொட்டி ஊறிப்போகும்.
அடுப்புமேல் சாய்த்துவைத்த போனிலிருந்து
"கிழங்கு போட்டிராதீங்க" என்றாள்.
போன மாதம் போட்டேன்.
உறைந்து உருகி மணலாகி வந்தது.
பிள்ளைகள் காக்காவுக்கு வைத்தார்கள்.
காக்காவும் யோசித்தது.
இந்தத் தடவை ரொட்டித்தூள்,
ஒரு கரண்டி தக்காளி சாஸ்,
உப்பு ஒரு கல் குறைவாக.

ஆறின கஞ்சி பழங்கஞ்சிதான்.
இது வேறு கணக்கு.
நன்றாக ஆறினால்தான் நாளைக்கு ஆகும்.
விசிறியின் கீழ் தட்டில் பரப்பி
ஒரு மணிநேரம்
ஈ விரட்டினேன்.

பிறகு பொட்டலம்.
காற்றை வெளியே தள்ளி
உள்ளங்கையால் தட்டித் தட்டி மெலிதாக்கினேன்.
ஷீட் அடிக்கிற கைக்கு
இதுவும் ஒரு ஷீட்.
மேலே தேதி எழுதி
புத்தகம்போல் அடுக்கினேன் உறைபெட்டியில்.

திங்கள் காலை ஒன்று போயிற்று.
திங்கள் ராத்திரி காற்று வந்தது.
அயினி மரம் கம்பியில் விழுந்து
எங்கள் பக்கம் முழுக்க இருட்டு.
"பெட்டியைத் திறக்காதீங்க மக்கா" என்றேன்;
குளிர் இருக்கிறதா என்று
திறந்து திறந்து பார்த்தான் சின்னவன்.

பன்னிரண்டடி வழிக்கு அந்தப் பக்கம்
ஓமனாவின் வீட்டில் பல்பு எரிந்தது.
மழை ஒன்றுதான், மின்வாரியம் வேறு.
பக்கெட்டில் பதினைந்தையும் போட்டு
ஈரத்துண்டால் மூடி
ஒரு மாநிலம் தாண்டினேன்.

அவர் சாளையை ஓரம் தள்ளினார்,
அயிலையை மேல்தட்டுக்கு ஏற்றினார்.
"எத்ர உண்டு?"
"பதினஞ்சு."
விரல் வைத்து எண்ணிக்கொண்டார்,
வங்கியில் எண்ணுவதுபோல.

செவ்வாயும் புதனும்
சீருடை போட்ட மூன்று பேர்
காலையில் கேரளம் போய்
ஒரு பொட்டலத்தோடு திரும்பிவந்தார்கள்.
அபிஷா சட்டியில் சூடாக்கி
ரொட்டிக்குள் வைத்து மூடினாளாம்.
சின்னவன் ஒன்றுக்கு இரண்டாகத் தின்றானாம்.
கேரட்டைப் பற்றி
இன்றுவரை யாரும் அவனிடம் பேசவில்லை.

புதன் சாயங்காலம் மின்சாரம் வந்தது.
பக்கெட்டோடு போனேன்.
பதின்மூன்று இருக்கவேண்டும்.
பன்னிரண்டு இருந்தது.

ஓமனா முந்தானையில் கை துடைத்தார்.
"ஒண்ணு ஞான் எடுத்து நோக்கி.
கொள்ளாம்.
குருமுளகு போரா."

"நான் அப்பவே சொன்னேன்ல!"
வேலிக்கு இந்தப் பக்கமிருந்து
கத்தினான் ஜெனோ.

ராத்திரி ஷெர்லியிடம் சொன்னேன்.
சிரித்தாள். சிரித்து முடித்து
கொஞ்சநேரம் சத்தமில்லை;
பின்னால் ஏதோ இயந்திரம்
பீப் பீப் என்றது.
"அடுத்த தடவை பதினேழா போடுங்க" என்றாள்,
"ஒண்ணுல மட்டும் மிளகு தூக்கலா."

விடியும் முன் மரத்தடியில்
ஹெட்லைட் வெளிச்சத்தில் கத்தி தீட்டும்போது
சட்டைக் கையை முகர்ந்தேன்.
சோம்பு வாசனை போகவில்லை.
பட்டையைக் கீறினேன்.
பால் மெதுவாக இறங்கியது.