வெள்ளை ஞாயிறு

போன வாரமெல்லாம் வேனுக்குள்தான் வகுப்பு.
ஆக்லாந்து விமான நிலையத்தில் இரவு முழுக்கப்
பிறர் பெட்டிகளைத் தூக்கிப் போட்ட
முதுகோடு நான்;
பள்ளிச் சீருடையில், பால் மீசையோடு
செமிசி.
ஏழு வரி. ஏழே வயது.
நாள்தோறும் ஒரே இடத்தில் தடுக்கினான்,
'நீடிய சாந்தம்' வருகிற இடத்தில்.
மாங்கெரே சிக்னலில் நின்று
ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்திக் குத்தி
நான் அவனுக்கு நீடிய சாந்தம் கற்பித்தேன்.
ஹாரன் அலறியது.
முன்னால் நின்ற காரிலிருந்த பெண்
மன்னிப்புக் கேட்பதுபோல் கையை உயர்த்தினாள்.

அக்டோபரின் இரண்டாம் ஞாயிறு
எங்கள் சமோவா சபைகளில் பிள்ளைகளுடையது.
பாட்டு அவர்களுடையது, வசனம் அவர்களுடையது,
முதல் பந்தியும் அவர்களுக்குத்தான்;
பெரியவர்கள் பரிமாற வேண்டும்.
வெள்ளைச் சட்டை, வெள்ளை லாவாலாவா,
மெலே காலருக்குக் கஞ்சி போட்டிருந்தாள்.
நான் டீக்கன். முன்வரிசை எனக்கு.
என் பிள்ளை என் நற்சான்றிதழ் என்று
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன், ஆண்டவரே,
உம்மிடம் எதற்கு மறைக்க.

நாலு வரி வந்தது. பிறகு
அந்த இடம்.

மின்விசிறிச் சத்தம்.
ஏதோ ஒரு குழந்தை சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்தது.
செமிசி சபையைப் பார்க்கவில்லை.
மடியில் கிடந்த
என் வலது கையைப் பார்த்தான்.

முப்பது வருடத்துக்கு முன் இன்னொரு மைக்,
இன்னொரு வெள்ளைச் சட்டை,
வீடு திரும்பியதும் என் அப்பாவின் பெல்ட்.
அவரும் டீக்கன்தான்.
பிள்ளைகள்மேல் உயிர் என்று எல்லாரும் சொன்னார்கள்.
அதில் பொய்யுமில்லை.

எழுந்தேன். எதற்கு எழுந்தேன் என்று
இப்போதும் தெரியாது.
முட்டி போட்டு அவன் உயரத்துக்கு இறங்கி
அடுத்த வரியைக் காதில் சொல்லப் போனால்
எனக்கும் வரவில்லை.
ஒரு வாரம் நான் கத்திய வரி.
ஆகவே தெரிந்ததைச் சொன்னேன்:
வேதத்தின் மிகச் சின்ன வசனம்,
சிநேகிதன் கல்லறைக்குப் போகும் வழியில்
உம்முடைய குமாரன் அழுதது.
திருப்பிச் சொன்னான், பிசகில்லாமல்.
சபை ஆமென் என்றது, சிலர் சிரித்தார்கள்,
மெலே மூக்கைச் சிந்தினாள்.

இங்கே முடித்தால் நல்ல சாட்சி.
அடுத்த உபவாசக் கூட்டத்தில் சொல்லலாம்.

ஆனால் பந்தி இருந்தது.
தேங்காய்ப்பாலில் வெந்த கீரை, பன்றிக்கறி,
ஆவி பறக்கும் சேப்பங்கிழங்கு.
அவன் தோளுக்கு மேலாக நான் தட்டை நீட்டியபோது
செமிசி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டான்.
ஒரு நொடிதான்.
பிறகு கிழங்கைப் பார்த்து
"இது ரொம்பப் பெருசு" என்றான்.

பிதாவே என்று கூப்பிடச் சொன்னீர் எங்களை.
என் பிள்ளைக்கு அந்தச் சொல்லில்
முதலில் தெரிகிற முகம் என்னுடையது.

கிழங்கை இரண்டாகப் பிட்டேன். சின்னதை வைத்தேன்.

இப்போதெல்லாம் அவன் பக்கம் கை போகும்முன்
பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.
கண்ணில் படும்படி, கீழிருந்து, மெதுவாக,
தளும்பும் கிண்ணத்தோடு நடக்கிறவன் மாதிரி.
நேற்றுச் சுருங்கவில்லை. இன்று
கொஞ்சம்.
நாளை வேனைக் கழுவ வேண்டும்.
வாளியை அவன்தான் தூக்குவானாம்.