நில் என்று சொன்ன இடம்

ஆட்டம் ரயிலில்தான் தொடங்குகிறது.
சுட ஒன்றுமில்லை. ஏழு நிமிடம்
சும்மா இருந்து பார்க்க வேண்டும்.
வூப்பர்டாலில் இதற்கு மாதச்சீட்டே வைத்திருக்கிறேன் என்று
நிரோஜனுக்குச் செய்தி போட்டேன்.
பழைய கணினியோடு இதையும் தந்தவன் அவன்.
"பொறு" என்று மட்டும் பதில்.

பொறுத்தேன்.
சுவர் வெடித்தது.
முதல் தோட்டா கூரைக்கு,
இரண்டாவது காப்பி இயந்திரத்துக்கு.
மூன்று தரம் செத்தேன்,
அதில் ஒன்று ஏணியிலிருந்து வழுக்கி.

பிறகு அந்த வெள்ளை அங்கிக்காரர்.
ஒரு விசையை அழுத்தினால் பின்னால் வருவார்,
மறுபடி அழுத்தினால் நிற்பார்.
"உங்களோடுதான் வருகிறேன்" என்பார் ஜெர்மனில்,
அழுத்தும்போதெல்லாம், அதே குரலில்.
பூட்டிய கதவுக்கு அவர் கைரேகை வேண்டியிருந்தது.
திறந்துவிட்டார்.
உள்ளே ஏதோ உறுமியது.
நில்லுங்கள் என்று அழுத்திவிட்டுப் போனேன்,
வந்து கூட்டிப்போகலாம் என்று.

நாலு மணிக்கு அணைத்தேன்.
ஆறே காலுக்குத் தொங்குரயில்.
கீழே வூப்பர் ஆறு, மழையில் கறுத்து.
எதிர் இருக்கையில் ஒருத்தி
ரொட்டியைப் பிட்டுப் பிட்டுத் தின்கிறாள்.
பார்மன் தாண்டும்போதுதான் உறைத்தது:

விளக்கு விட்டுவிட்டு எரியும் அந்த நடைவழியில்
அவர் இன்னும் நிற்கிறார்.