கட்

கோத்தகிரியில் ஜெராக்ஸ் கடை.
கீபோர்டுக்கு அடியில் என் பட்டியல்:
கோ, வென்ட். பிரேக், ப்ரோக்.
கோவின் சாயல் ஒரு துளிகூட இல்லாமல்
எங்கிருந்து வந்தது இந்த வென்ட் என்று
ஒருநாள் சிரித்தேன்.
நம் ‘சா’கூட ‘செத்தான்’ ஆகிறதே,
பிறகுதான் உறைத்தது.

போஜன் மனு எழுத வந்தார்.
"தமிழில் மூணு தடவை கொடுத்தாச்சு.
இங்கிலீஷில் போட்டுப் பார்ப்போம்."

மண் சரிந்தது: ஃபெல்.
தண்ணீர்க் குழாய் உடைந்தது: ப்ரோக்.
கேரட் பாத்தி போனது. வென்ட் போதுமா?
அடித்துவிட்டு வேறு சொல் தேடினேன்,
கிடைக்கவில்லை, வென்ட்டே இருக்கட்டும்.
மலையை வெட்டினார்கள்: கட்.

"கட்டுறதும்தான். நாலு மாடி" என்றார்.

வாசித்துக் காட்டினேன்.
"வெட்டினாங்கன்னு இருக்கா,
வெட்டுறாங்கன்னா?"

"ரெண்டுக்கும் அதே சொல்தாண்ணே.
கட்டுக்கு நேற்றும் இன்றும் ஒண்ணுதான்.
தேதி போட்டால்தான் தெரியும்.
என்ன தேதி போடட்டும்?"

அவர் எட்டிப் பார்த்தார்.
எதிர்மேட்டில் பனி விலகிய இடத்தில்
மஞ்சள் ஜேசிபி
கையைத் தூக்கிக்கொண்டிருந்தது.

"தேதி வேணாம்.
மூணு காப்பி எடு."