எலும்பு முறிவு இல்லை

பேட்டை ரயில்வே கேட்டு திறக்க
முன்னால் நின்ற லோடு ஆட்டோ
பின்னால் உருண்டது.
அவ்வளவுதான்.
எக்ஸெல்லுக்கு இண்டிகேட்டர் கண்ணாடி, நூற்றிப்பத்து ரூபாய்.
எனக்குப் பிடரியில் ஒரு புடைப்பு.
கோலி சோடா ஒன்று குடித்துவிட்டுக்
கல்யாண வீட்டுக்குப் போய்விட்டேன்.

அன்றைக்கு நானூறு இலை.
தாளிக்கையில் பெருங்காயம் மணக்கவில்லை;
கலப்படம் என்று
கடைக்காரப் பையனை வாய்க்கு வந்தபடி ஏசினேன்.
மறுவீட்டன்று சொதிக்குப் போட்ட பருப்பு அடிப்பிடித்ததை
முதல் இலைக்காரர் முகத்தைப் பார்த்துத்தான்
தெரிந்துகொண்டேன்.

பதினோரு நாள் கழித்து எஃப்.ஐ.ஆர்.
ஏன் தாமதம் என்கிறார் கம்பெனி வக்கீல் எபனேசர்.
போனது இன்னதென்று புரியவே
பதினோரு நாள் ஆச்சு ஐயா.
நானூறு பேருக்குச் சமைத்தீரா இல்லையா,
அதை மட்டும் சொல்லும்.
சமைத்தேன்.

ஸ்கேன், ம.சா.ஆ. ஐந்து: எலும்பு முறிவு இல்லை.
மெடிக்கல் போர்டு படிவத்தில்
கைக்கு ஒரு கட்டம், காலுக்கு ஒரு கட்டம்,
கண்ணுக்கு, காதுக்கு.
மூக்குக்கு மூச்சு வந்தால் போதுமாம்.
கருகின உருளியை
நம்பர் போட்டுத் தாக்கல் செய்யலாமா என்று கேட்டேன்.
என் வக்கீல் இருமினார்.

இப்போது அடுப்படியில் கோமு பக்கத்தில் நிற்கிறாள்.
'கருகப் போவுது' என்பாள்,
அதற்குள் கருகியிருக்கும்.

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
கண்ணைக் கட்டிவிட்டுக் குப்பி குப்பியாக நீட்டினார் டாக்டர் மும்தாஜ்.
காப்பித்தூளாம், ஒன்றுமில்லை.
கிராம்பாம், ஒன்றுமில்லை.
சூடம், ஒன்றுமில்லை.
நாலாவது
சுரீரென்று உச்சிக்கு ஏறி
கட்டின துணி நனைந்துபோனது.

எபனேசர் அந்த இடத்தை விடவில்லை.
'அமோனியா தெரிந்திருக்கிறது. அழுதிருக்கிறார்.
அப்போ மூக்கு வேலை செய்கிறது, இல்லையா டாக்டர்?'

'அது மணமில்லை, எரிச்சல். அதற்கு நரம்பு வேறே.
பொய் சொல்ல வந்தவராயிருந்தால்
அதையும் தெரியவில்லை என்றிருப்பார்.'

டைப்பிஸ்ட் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள்.
பிறகு விரல்கள் ஓடின.
என் கண்ணீர் இப்படிப் பதிவானது.
வாய்தா பதினெட்டாம் தேதி.

மானூர் பஸ்ஸில் திரும்பும்போது
ராமையன்பட்டிக் குப்பைக்கிடங்கு புகைந்துகொண்டிருந்தது.
சன்னல்கள் படபடவென்று இறங்கின.
கோமு முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
நானும் துண்டை எடுத்துப் பொத்திக்கொண்டேன்,
ஐம்பது வருசப் பழக்கம்.

சட்டென்று கையை இறக்கிப்
பின் சீட்டைத் திரும்பிப் பார்த்தேன்,
கம்பெனி ஆள் எவனும் உட்கார்ந்திருக்கிறானா என்று.